கம்பெனி செட்டா, வெளி செட்டா?

வண்டி வந்துவிட்டது, கண்ணுகளா. போன வாரம் ஷோரூம் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்ற வெள்ளை வண்டி இப்போது பிள்ளைப்பாக்கத்தில் முனிரத்தினத்தின் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இருபது வருஷம் அடுத்தவர் டிராக்டரை ஓட்டிய மனிதருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் சொந்தமாக ஒரு கார். விடியும்வரை பொறுக்காமல் இரண்டு தடவை எழுந்து போய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார் என்று அவர் மனைவி கங்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திங்கள்கிழமை காலை அது கம்பெனி சவாரிக்குக் கிளம்ப வேண்டும். அந்தச் சவாரியைப் பிடித்துக் கொடுத்தவர் ரகுபதி சார். முனிரத்தினத்தின் மகள் மதிவதனி வேலை பார்க்கும் ஆலையில் சூப்பர்வைசர். தினமும் காலையில் அவரை வீட்டிலிருந்து ஆலைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதிக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை அருள்பாண்டி, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். அதே ஆலையில், கழித்துப் போட்ட சாமான்களை உடைக்கும் கொட்டகையில் கான்ட்ராக்ட் வேலை. “அம்மாந்தூரத்துல பொண்ணக் குடுத்துட்டு நானு இன்னா பண்றது?” என்று முரண்டு பிடித்த கங்கா போன வாரம்தான் மனம் இறங்கினாள்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. சண்டைக்கும் குறைவில்லை.

சண்டை ஒரு பள்ளத்தைப் பற்றி.

வாங்கியது விலை குறைந்த மாடல். கதவுகளில் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் பாட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் மூடியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். காலையிலேயே அந்த மூடியைப் பிடுங்கி முள்வேலிப் பக்கம் வீசிவிட்டார் முனிரத்தினம்.

“வண்டிக்குன்னே செய்யற கம்பெனி செட்டுதான் போடணும். முடிவு பண்ணிட்டேன்” என்றார்.

“யப்பா, கம்பெனி செட்டுல கேசட்டுப்பா. இப்ப எவன்பா கேசட்டு போட்டு கேக்கறான்?” என்றான் இனியவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன்; எல்லாம் தெரியும். “வெளி செட்டுன்னா சிடி. ஒரு சிடில நூத்தம்பது பாட்டு. நீல லைட்டு. வண்டிய நிறுத்திட்டு மூஞ்சிய மட்டும் கயட்டி பாக்கெட்ல போட்டுக்கினு போயிடலாம், திருடு போவாது.”

“கயட்டி பாக்கெட்ல போட்டுக்கினு போறதுக்கு அது இன்னாடா, பல் செட்டா?”

“உனக்கு சொன்னா புரியாது.”

“எனக்குப் புரிய வாணாம். ரகுபதி சாருக்குப் புரியணும். முன்னாடி சீட்ல குந்திக்கினு பாட்டு கேட்டுக்கினே வர்றது அவருக்கு வழக்கமாம். ‘வண்டில பாட்டு கீதா முனிரத்தினம்?’னு கேட்டாரு. கீது சார்னு சொல்லிட்டேன்.”

“வாங்கறதுக்கு முன்னயே கீதுன்னு சொல்லிட்டியா?” என்று உள்ளிருந்து கங்கா கேட்டாள். “உன் வாயில எதனா நிக்குதா?”

நிற்காதுதான். முனிரத்தினத்திடம் யாராவது ஒன்று கேட்டால் பதில் அவர் உதட்டில் தயாராக இருக்கும். நல்லதோ கெட்டதோ, உள்ளது வெளியே வந்துவிடும். அவருடைய அந்தக் குணத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“எதுக்கு வாய்ச்சண்டை? மதியக் கேளு” என்றாள் கங்கா.

கேட்க வேண்டிய ஆள் அவள்தான். ஆலையில் தயாராவதே அந்தக் கம்பெனி செட்டுகள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் கேசட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவள் மதிவதனி. மூன்று வருஷமாக அதே வேலை.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். வண்டிக்குள் குனிந்து பள்ளத்தில் கையை விட்டு, உள்ளே தொங்கிய வயர்களின் முனையில் இருந்த கப்ளரை இழுத்துக் காட்டினாள்.

“இதுல கம்பெனி செட்டு அப்படியே சொருவிக்கும். ஒரு வயர் வெட்ட வாணாம். வெளி செட்டுன்னா இத வெட்டித்தான் சேக்கணும். மஞ்ச வயரும் சிவப்பு வயரும் மாத்திக் குடுத்துட்டான்னா நிக்கற வண்டில பேட்டரிய தின்னுடும். வெட்டினதுக்கு அப்பறம் ஷோரூம்காரன் கேரண்டி தர மாட்டான்.”

“கேட்டியாடா?” என்றார் அப்பா.

“ஆனா பாட்டு நல்லா கேக்கறது வெளி செட்டுதான்” என்று சேர்த்துக்கொண்டாள் அவள்.

“கேட்டியாப்பா?” என்றான் தம்பி.

சிரிப்பு அடங்கும்முன் அருள்பாண்டியின் சைக்கிள் மணி கேட்டது. கேரியரில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டியை முனிரத்தினத்தின் கையில் கொடுத்தான்.

“மாமா, புது வண்டிக்கு என்னோட சின்னப் பரிசு. வேண்டாம்னு சொல்லிராதிய.”

முனிரத்தினம் அங்கேயே நின்று காகிதத்தைப் பிரித்தார். உள்ளே கறுப்பு நிறத்தில், பளபளவென்று, கம்பெனி செட்.

“யம்மாடி! இன்னா மாப்ள இது, இதப் பத்திதான் இம்மா நேரம் பேசிக்கினு இருந்தோம்!”

“படப்பையில எங்க ஊர்க்காரரு கோமதிநாயகம் கடை வச்சிருக்காரு. அவருகிட்ட சொல்லி வாங்குனேன். கம்பெனிக்கு உள்ளதுதான், மாமா.”

இனியவன் முகம் சுருங்கிவிட்டது. கங்கா அவசரமாகக் காபிக்குப் பால் வைக்கப் போனாள். மதி வருங்காலக் கணவனைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் சிரித்தாள். பிறகு செட்டைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் கை தானாகவே தன் வேலையைச் செய்தது. கேசட் போகும் வாயில் ஒரு சின்னக் கதவு உண்டல்லவா, அதைச் சுண்டுவிரலால் தூக்கி உள்பக்கம் பார்த்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை செய்கிற காரியம்.

கதவின் உள்பக்கம் சிவப்பு மையில் கடுகளவு எழுத்து. ‘ம’. அதன் கீழே 10-1.

அவளுடைய கையெழுத்து.

அந்த எழுத்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது ஏன் இங்கே இருக்கக் கூடாது என்று உங்களுக்குப் புரியாது. ஆலையில் பழுதான செட்டின் முதுகில் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். ரிப்பேர் பார்க்கிறவர்கள் சில பேர் அந்தப் புள்ளியைத் தின்னரால் துடைத்துவிட்டு, சரி செய்யாமலேயே திரும்ப வரிசையில் விட்டுவிடுவார்கள். இரண்டு தடவை ஏமாந்த பிறகு மதி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை நடக்கும் மறுசோதனையிலும் தேறாத செட்டின் கேசட் கதவுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், தன் முதலெழுத்தையும் தேதியையும் எழுதிவிடுவாள். அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

மறுசோதனையில் தேறாத செட்டுக்கு ஒரே கதிதான். அன்று மதியமே கொட்டகையில் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். உடைப்பதை, கழித்தவளே நின்று பார்த்து, ‘என் கண்முன் உடைக்கப்பட்டது’ என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் செட் உடைந்து ஒரு மாதம் ஆகிறது. அப்படித்தான் தாள் சொல்கிறது. தாளில் இருப்பது மதிவதனியின் கையெழுத்து.

“இன்னாக்கா, பேயறஞ்ச மாரி நிக்கற? குடு, மாட்டறேன்” என்று இனியவன் வாங்கிக்கொண்டான். கோபம் இருந்தாலும் கை அரித்தது அவனுக்கு. கப்ளர் ‘டக்’ என்று உட்கார்ந்தது. நான்கு திருகாணி. சட்டத்தை அழுத்தினான். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் செட் பொருந்திக்கொண்டது.

கங்கா சாமி அலமாரியிலிருந்து ஒரு பக்திப் பாட்டு கேசட்டைக் கொண்டுவந்தாள். பாட்டு எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முனிரத்தினம் கண்ணை மூடித் தலையாட்டினார்.

மதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம்.

இடது பக்க ஸ்பீக்கர் மூச்சு விடாமல் நின்றது. கொஞ்சம் கரகரத்தது. மறுபடி வந்தது.

அதே பழுது. தை பிறக்க நாலு நாள் இருந்த அந்தச் சனிக்கிழமை, ‘இடது பக்கம் விட்டு விட்டு வருகிறது’ என்று அவள்தான் எழுதினாள்.

“புதுசுல்ல, கொஞ்ச நாள் ஓடினா பழகிக்கும்” என்று முனிரத்தினம் டேஷ்போர்டைச் செல்லமாகத் தட்டினார்.

அருள்பாண்டி சட்டென்று காபி டம்ளருக்குள் குனிந்துகொண்டான்.

*

எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை.

ஷிப்ட் முடிவது மூன்று மணி. பிள்ளைப்பாக்கம் போகும் கம்பெனி பஸ் மூன்று பத்துக்கு எடுத்துவிடுவான். கொட்டகையோ கேன்டீனுக்குப் பின்னால் கடைக்கோடியில். அங்கே போய் நின்றால் பஸ் போய்விடும். அப்புறம் வெயிலில் மெயின் ரோடு வரை நடந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டும். அவளோடு வேலை பார்க்கும் தங்கமாரி விடுதியில் தங்குகிறவள், அதனால் போய் நிற்பாள். மதி போவதில்லை.

முதல் தடவை அவள் போகாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, ஒரு பையன் தாளும் அட்டையுமாக ஓடி வந்தான். ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “உடைச்சாச்சு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, பஸ் போயிரும்லா” என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. அந்தத் தெற்கத்திப் பேச்சைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஜன்னலுக்கும் தரைக்கும் நடுவில் எட்டு மாதத்தில் வளர்ந்ததுதான் அந்தக் காதல்.

இப்போது அவள் தன்னைத்தானே கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வேறு எவனோ திருடிக் கடையில் விற்று, இவர் நல்ல மனசோடு வாங்கியிருக்கலாம்.

அருள்பாண்டி சாப்பிட்டுவிட்டு, “சாயங்காலம் வாரேன், மணிமங்கலம் கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்ருவோம்” என்று கிளம்பியதும், அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய் இனியா. உன் ஃப்ரெண்டு பைக்க எடுத்துக்கினு வா. படப்பை போலாம்.”

“எதுக்கு?”

“உனக்கு வெளி செட்டு வெல கேக்க.”

அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

*

கோமதிநாயகம் சிரித்த முகக்காரர். கடை சின்னது, சுவர் முழுக்க நீலமும் பச்சையுமாக விளக்குகள் மினுங்கின.

“வாங்க தம்பி, வாம்மா. என்ன வண்டி? ரெண்டும் இருக்கு. பாட்டுப் பைத்தியம்னா வெளி செட்டு. வண்டிப் பைத்தியம்னா கம்பெனி செட்டு. வெளி செட்டு கண்ணைப் பறிக்கும். கம்பெனி செட்டு வண்டியில இருக்கதே தெரியாது, அதான் அதுக்கு அழகு. எது வேணும்?”

“ரெண்டும் பாக்கறோம்” என்றாள் மதி.

இனியவன் வெளி செட்டின் முகத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மயங்கி நின்றான். அவள் எதிர் அலமாரிக்குப் போனாள். கம்பெனி செட்டுகள் ஐந்து வரிசையாக அடுக்கியிருந்தன. முதலாவதின் கதவைச் சுண்டுவிரலால் தூக்கினாள்.

ம. 1-11.

தீபாவளிக்கு அருள்பாண்டி ஊருக்குப் போய்விட்டு வந்த சனிக்கிழமை. தாளோடு சேர்த்து ஓலைப்பெட்டியில் கருப்பட்டி மிட்டாய் நீட்டினான்.

இரண்டாவது. ம. 22-11. மழை ஊற்றிய சனிக்கிழமை. தாள் நனையக் கூடாதென்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து வந்தான். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலில் அவனை நினைத்துக்கொண்டே தூங்கினாள்.

மூன்றாவது, 20-12. கட்டிக்கிறியா என்று கேட்ட நாள்.

நான்காவதும் அவளுடையது. ஐந்தாவதும் அவளுடையதே. எல்லாமே ‘ம’. நின்று பார்க்கிற தங்கமாரி கழித்தது ஒன்றுகூட அந்த அலமாரியில் இருக்காது. அவள் கண்முன்னால் சுத்தியல் இறங்கியிருக்கும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளின் செட்டுகள் மட்டும்தான் முழுசாக வெளியே வந்திருந்தன.

“அண்ணாச்சி, இதெல்லாம் எங்கேருந்து வருது?”

“கழிச்சுப் போட்டதும்மா. ஏலத்துல எடுக்கான். நம்ம ஊர்ப் பய ஒருத்தன் கொண்டாந்து தாரான், சின்னச் சின்னக் கோளாறு, நான் சரி பண்ணி விப்பேன். தங்கமான பய. வார வெள்ளிக்கிழமை அவனுக்குப் பூ வைக்காங்க. பொண்ணும் அதே கம்பெனிதானாம்.”

இனியவன் கையிலிருந்த நீல விளக்குச் செட்டின் முகம் கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு. மேஜை ஓரத்தில் ஒரு பழைய கம்பெனி செட்டை பேட்டரியில் மாட்டிப் பாட வைத்திருந்தார்.

“அதைத் தர மாட்டேன்மா. அதான் அவன் கொண்டாந்த முதல் செட்டு. ராசியானது.”

“சும்மா பாத்துட்டுத் தரேன்.”

கேசட்டை வெளியே எடுத்துவிட்டுக் கதவைத் தூக்கினாள்.

ம. 14-6.

அந்தத் தேதியை அவள் மறந்திருக்க முடியுமா? மூச்சு வாங்க ஓடி வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று, “பஸ் போயிரும்லா” என்றானே, அந்த முதல் சனிக்கிழமை.

பழகிய பிறகு வந்த கெட்ட புத்தி என்றால்கூட அவள் மனசு ஏதாவது சமாதானம் தேடியிருக்கும். முதல் நாளே அவன் ஓடி வந்தது கையெழுத்துக்குத்தான்.

பைக்கில் திரும்பினார்கள். வல்லக்கோட்டை தாண்டியதும் இனியவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்: “யக்கா. நான் போயி அவன ரெண்டு வுட்டா?”

“வாணாம்.”

“அப்ப இன்னாதான் பண்றது?”

“தாள்ள இருக்கறது என் கையெழுத்துடா. மொதல்ல என்னத்தான் வுடணும்.”

*

ஐந்து மணிக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக அருள்பாண்டி வந்தான். வண்டிக்கு அந்தப் பக்கம், வேலியோரம் அவனை அவள் நிறுத்தினாள். கேட்டது ஒரே கேள்வி.

“ஜூன் பதினாலு. உடைச்சாச்சுன்னு சொன்னீங்களே, உடைச்சீங்களா?”

அவன் முகம் வெளுத்தது.

“மதி…”

“படப்பை போயிட்டு வந்தேன். கதவுக்குப் பின்னாடி நான் எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும்.”

எலுமிச்சம்பழப் பை கையிலிருந்து நழுவியது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன்” என்றான் கடைசியில். “முத தடவை கையெழுத்துக்குத்தான் வந்தேன். போய் வேங்கிட்டு வான்னு அனுப்புனாங்க. ரெண்டாவது தடவையும் அதுக்குத்தான். மூணாவது வாரத்துல இருந்து அந்தத் தாளு இல்லன்னாலும் வந்திருப்பேன், மதி. எங்கம்மா மேல சத்தியமா.”

“யாரு அனுப்பினது?”

“அதைக் கேக்காத.”

“இந்தச் செட்ட எதுக்கு எங்கப்பாவுக்குக் குடுத்த?” நீங்க என்பது நீ ஆனதை இருவருமே கவனித்தார்கள்.

“மாமா ஆசைப்பட்டாங்க. புதுசு வேங்க எங்கிட்ட என்ன இருக்கு? இத நானே உக்காந்து ஈயப் பத்து வச்சு சரி பண்ணுனேன். உன் கண்ணுல படும்னு…”

“நினைக்கல.”

அவன் தலையாட்டினான்.

அவள் வீட்டுக்குள் போய்த் திருப்புளியோடு வந்தாள். வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சட்டத்தை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். ஒரு திருகாணி. இரண்டு. பட்டு வேட்டியில் வெளியே வந்த முனிரத்தினம் அப்படியே நின்றார்.

“ஏய், இன்னாம்மா பண்ற! பூஜ போடப் போற வண்டில கைய வச்சிக்கினு!”

“இது இருக்கக்கூடாதுப்பா. இது என் கண்ணு முன்னாடி ஒடச்சிட்டாங்கன்னு நான் கையெழுத்து போட்ட செட்டு. போயிப் பாக்காமயே போட்டுட்டேன்.”

கங்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முனிரத்தினம் மகளைப் பார்த்தார். வேலியோரம் நின்றவனைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். வாயில் எதுவும் நிற்காத மனிதருக்கு முதல்முறையாக வாய் திறக்கவில்லை.

நாலாவது திருகாணியும் வந்தது. கப்ளரைப் பிரித்தாள். செட்டைத் துண்டில் சுற்றினாள்.

“நாளைக்குக் கம்பெனிக்கு எடுத்துனு போறேன். பெரிய ஆபீசர்கிட்ட நானே குடுத்துடறேன்.”

“உன் வேல போயிடுமேடி” என்றாள் கங்கா.

“போவும்.”

“வெள்ளிக்கெழம…?”

மதி துண்டின் முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டாள். அருள்பாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் தெரு முனைவரை கேட்டது. இனியவன் முள்வேலியில் வெகுநேரம் குனிந்து தேடினான். அப்பா வீசிய பிளாஸ்டிக் மூடி கிடைக்கவில்லை. அந்தப் பள்ளம் அப்படியே திறந்து கிடந்தது.

*

திங்கள்கிழமை ஐந்தரைக்கே முனிரத்தினம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டிக்கு என்று வாங்கியிருந்த மாலையைக் கங்கா மனசில்லாமல் போட்டுவிட்டாள்.

ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் வந்தது. மதி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையில் டிபன் பாக்ஸ் இல்லை. ஆலைக்குள் போகும்போது யாரும் பையைச் சோதிக்க மாட்டார்கள், வரும்போதுதான் சோதிப்பார்கள். அந்த ஆலைக்குள் திருட்டுச் சாமானைத் திரும்பக் கொண்டுபோகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பஸ் நகர்ந்தபோது யாரோ ஓடி வந்தார்கள். கீழே, அதே இடத்தில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு அருள்பாண்டி. கண் சிவந்திருந்தது. கையில் அட்டை இல்லை. மடித்த தாள் மட்டும்.

“உன் கையெழுத்து வேண்டாம், மதி. நான் போட்டுட்டேன்.”

மூச்சு வாங்கியது அவனுக்கு. அவள் கையை நீட்டவில்லை. அவன் ஓடிக்கொண்டே எட்டி, ஜன்னல் வழியாக அவள் மடியில் தாளைப் போட்டான். பஸ் வேகமெடுத்தது.

வெகுதூரம் அதைத் தொடாமல் வந்தாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரிகள் மறித்துக்கொண்டு பஸ் நின்றபோதுதான் பிரித்தாள். வாழ்க்கையில் எத்தனையோ தாள்களில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள், இதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

‘செட்டுகளை உடைக்காமல் எடுத்தது நான். ஜூன் பதினாலு முதல் மதிவதனி கொட்டகைக்கு வந்ததே இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் பஸ்ஸை விட மாட்டாள், ஜன்னலில் போய்க் கையெழுத்து வாங்கிவா என்று முதன்முதலில் என்னை அனுப்பியதும், கழிவு லாரியில் செட்டுகளை வெளியே விட்டதும் சூப்பர்வைசர் ரகுபதி.’

கீழே, கோணல்மாணலாக, அருள்பாண்டியின் கையெழுத்து.

பக்கத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. குஷியாக இரண்டு தடவை. குனிந்து பார்த்தாள். மாலை போட்ட வெள்ளை வண்டி பஸ்ஸை ஒட்டி வந்து நின்றிருந்தது. மகளைக் கண்டுகொண்ட முனிரத்தினம் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினார்.

முன் சீட்டில் ரகுபதி சார். அவருடைய முழங்காலுக்கு நேராக டேஷ்போர்டில் அந்தப் பள்ளம், வயர் தொங்கிக்கொண்டு.

அவர் பள்ளத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். சத்தம் மேலே வரவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்ததை மட்டும் மதி பார்த்தாள். அவர் உதடு நிற்காமல் அசைந்தது. பிறகு அவருடைய கட்டைவிரல் பஸ்ஸின் பக்கம், அவளுடைய ஜன்னலின் பக்கம் திரும்பியது.

ரகுபதி மெதுவாகத் தலையை உயர்த்தி, அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த பையைப் பார்த்தார்.